காருக்கு மீட்டர் மாட்டப் போகிறீர்களா? மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா?

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு டேஷ்போர்டு மீட்டர்கள் ஓயாத தொல்லை. ஹீட் மீட்டரின் முள் அசையாது. ஆயில் பிரஷருக்கு ஒரு சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் இருக்காது. புதிய கார்களிலும் பலவற்றில் ஹீட் மீட்டரே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். தனியாக ஒரு மீட்டர் வாங்கலாம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால், "மெக்கானிக்கல் டைப்பா, எலக்ட்ரிக்கல் டைப்பா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் இந்தக் குறிப்புகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

1. முதலில் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மெக்கானிக்கல் மீட்டருக்குக் கரண்ட் வேண்டாம். இன்ஜினிலிருந்து ஆயிலோ காற்றோ ஒரு மெல்லிய டியூப் வழியாக மீட்டருக்கே வந்து முள்ளைத் தள்ளும். எலக்ட்ரிக்கல் மீட்டரில் இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கும். அங்கிருந்து டேஷ்போர்டுக்கு வருவது ஒயர் மட்டுமே. மெக்கானிக்கலில் இரவில் எரியும் சின்ன பல்புக்கு மட்டும் கரண்ட் தேவை.

2. மெக்கானிக்கல் பிரஷர் மீட்டரின் உள்ளே இருப்பது வளைந்த, தட்டையான ஓர் உலோகக் குழாய். திருவிழாக் கடைகளில் விற்கும், ஊதினால் சுருள் பிரியும் பீப்பியைப் போல, பிரஷர் ஏற ஏற இந்தக் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளுக்குப் போகும். பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேட்டரி இறங்கினாலும் ஒயர் அறுந்தாலும் இது வேலை செய்வதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

3. எலக்ட்ரிக்கல் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். அதில் மூன்று தரம் உண்டு. முதல் வகையில், கரண்டில் சூடேறி வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை நகர்த்தும். முள் மெதுவாகத்தான் ஏறும். இரண்டாவது வகையில் கம்பிச் சுருள்களும் காந்தமும் இருக்கும். இது சட்டென்று காட்டும். மூன்றாவது வகையில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். மெக்கானிக்கல் மீட்டரைப் போலவே முள் டயலை முக்கால் வட்டம் சுற்றும், துல்லியமாகவும் இருக்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறும். சொற்ப விலைக்குக் கிடைக்கும் எலக்ட்ரிக்கல் மீட்டரை ஒரு நல்ல மெக்கானிக்கல் மீட்டரோடு ஒப்பிட்டு மொத்த வகையையே ஒதுக்கிவிடாதீர்கள்.

4. எது துல்லியம் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரப்போவது எது? வெறும் காற்று என்றால் பயமில்லை. கொதிக்கும் ஆயில் என்றால் ஜாக்கிரதை தேவை. பெட்ரோல் என்றால் பேச்சே வேண்டாம். இந்த ஒரு கேள்வியை வைத்தே பெரும்பாலான மீட்டர்களுக்கு முடிவெடுத்துவிடலாம்.

எந்த மீட்டருக்கு எந்த வகை?

5. பெட்ரோல் பிரஷர்: கேபினுக்குள் எப்போதும் எலக்ட்ரிக்கல்தான். மெக்கானிக்கல் மீட்டரை நேராக இணைத்தால், பிரஷரில் இருக்கும் பெட்ரோல் உங்கள் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கும். ஒரு நட் லூசானால் கார் முழுக்க ஆவி. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றால் அதை பேனட்டுக்குள் மாட்டுங்கள்; பேனட்டைத் திறந்து ரீடிங் பார்த்தால் போதும்.

6. ஆயில் பிரஷர்: இங்கே மெக்கானிக்கல் மீட்டருக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஸ்டார்ட் செய்த நொடியில் முள் ஏறும். பெரிய வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிரஷர் கண நேரம் விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். பட்டை வகை எலக்ட்ரிக்கல் மீட்டர் அதைக் கவனிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். ஆனால் டியூப் வெடித்தால் சூடான ஆயில் ஓட்டுபவரின் காலிலும் கார்ப்பெட்டிலும் கொட்டும். பந்தயக் காருக்கும், நீங்களே பராமரிக்கும் பழைய ஜீப்புக்கும் மெக்கானிக்கல் சரி. குழந்தைகளோடு ஊருக்குப் போகும் குடும்பக் காருக்கு, விலை சற்றுக் கூடினாலும், நல்ல எலக்ட்ரிக்கல் மீட்டரே ஏற்றது.

7. ஹீட் மீட்டர்: மெக்கானிக்கல் வகையில் ஒரு முனையில் வெப்பத்தை உணரும் உலோகப் பல்பு, மறு முனையில் மீட்டர், நடுவே மெல்லிய செம்புக் குழாய்; மூன்றும் பிரிக்க முடியாத ஒரே துண்டு. உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் கேபினுக்குள் வருவதில்லை என்பதால் ஆபத்து குறைவு. ஒயரிங் எல்லாம் ஒட்டுப்போட்டுக் கிடக்கும் பழைய காருக்கு இது நல்ல தேர்வு. இன்ஜின் பின்புறத்தில் இருக்கும் வேன், பஸ் போன்றவற்றுக்குக் குழாயின் நீளம் போதாது. அங்கே ஒயர்தான் வழி.

8. டர்போ பூஸ்ட், வேக்குவம்: தயங்காமல் மெக்கானிக்கல் வாங்கலாம். ரப்பர் ஹோஸில் வருவது காற்றுதான். ஹோஸ் கழன்றால் இன்ஜின் சத்தத்திலோ ஓட்டத்திலோ மாற்றம் தெரியும். ஒரு கிளிப் போட்டால் தீர்ந்தது. பழைய கார்புரேட்டர் காருக்கு வேக்குவம் மீட்டர் ஒரு நல்ல மருத்துவர். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் சுமார் 17 முதல் 21 அங்குலம் வரை ஆடாமல் காட்ட வேண்டும். முள் ஒரே சீராக விழுந்து விழுந்து எழுந்தால் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

9. எரிபொருள் அளவு: டேங்க் பின்னால், மீட்டர் முன்னால். இதற்கு எலக்ட்ரிக்கல்தான்; யோசிக்க ஒன்றுமில்லை. டேங்கில் மிதக்கும் ஃப்ளோட் தன் கையை அசைக்க, ரெசிஸ்டன்ஸ் மாறும்; அதை மீட்டர் படிக்கும். மேடு பள்ளத்தில் முள் ஆடினால் அது பழுதல்ல. மிதவை ஆடுகிறது, அவ்வளவுதான்.

10. பேட்டரிக்கு ஆம்மீட்டர் வேண்டாம், வோல்ட்மீட்டர் மாட்டுங்கள். ஆம்மீட்டர் வழியாகக் காரின் ஏறக்குறைய மொத்தக் கரண்டும் ஓட வேண்டும். டேஷ்போர்டின் பின்னால் அந்தத் தடித்த ஒயரின் நட் லூசானால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பழைய 30 ஆம்பியர் மீட்டரை வைத்துக்கொண்டு ஏசி, கூடுதல் விளக்கு, எலக்ட்ரிக் ஃபேன் என்று சேர்த்தால் இன்னும் மோசம். வோல்ட்மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும். இன்ஜின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலம்.

11. ஸ்பீடோமீட்டர்: கேபிள் வகையை எலக்ட்ரிக்கலுக்கு மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள். கேபிள் சுழற்றும் காந்தம், அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தொடாமலே இழுக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. முள் துள்ளினாலோ கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, பெரும்பாலும் உள் கேபிள் வறண்டிருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். உள் கேபிளை உருவி, கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். மீட்டர் பக்கம் தடவினால் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் புகுந்து கெடுத்துவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

12. எலக்ட்ரிக்கல் மீட்டரும் சென்சாரும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சாரைப் போட்டால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். எரிபொருள் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வகையில் காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்த டேங்குக்கு 180 ஓம் என்ற அளவு பரவலாக உண்டு. அமெரிக்க வகையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. ஒன்றை மற்றொன்றோடு இணைத்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது முள் அடியிலும், வறண்டிருக்கும்போது உச்சியிலும் நிற்கும். பழைய மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் மட்டும் வாங்குவதானால் பழைய சென்சாரையும் கையோடு எடுத்துப் போங்கள்; அட்டையில் உள்ள ஓம் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

13. மரையைப் பாருங்கள். ஆயில் பிரஷர் இணைப்பில் எட்டில் ஒரு அங்குல மரை சாதாரணம். ஆனால் அதிலேயே அமெரிக்க மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் மரையில் 28 சுற்று. கையால் திருகும்போது இரண்டும் பிடித்துக்கொள்வது போலத்தான் இருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரை கெட்டுப்போகும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் மரை வேறாக இருக்கும். கை விரலால் மூன்று நான்கு சுற்று சுகமாகப் போகாவிட்டால் நிறுத்திவிட்டு அடாப்டர் கேளுங்கள்.

14. டயலின் அளவையும் அலகையும் பாருங்கள். தனியாக விற்கும் மீட்டர்கள் பெரும்பாலும் 52 மி.மீ. துளைக்கு ஏற்றவை, 60 மி.மீ. வகையும் உண்டு. டயலில் பிஎஸ்ஐ, பார், கிலோ என மூன்று அலகுகள் புழங்குகின்றன. 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ, சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்பது சுமார் 14.2 பிஎஸ்ஐ. உங்கள் மெக்கானிக் எந்த அலகில் பேசுகிறாரோ அதிலேயே வாங்கினால் குழப்பமில்லை.

மாட்டும்போது

15. மெக்கானிக்கல் ஹீட் மீட்டரின் செம்புக் குழாய் நீளமாக இருக்கிறதே என்று ஒருபோதும் வெட்டாதீர்கள். வெட்டினால் உள்ளே உள்ள திரவம் ஆவியாகிப் போய்விடும், மீட்டர் குப்பைக்குத்தான். மிச்ச நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டுங்கள். கூர்மையாக மடக்காதீர்கள், சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பல்பு நுழையும் அளவுக்குத் தகட்டில் பெரிய துளை வேண்டும் என்பதால், முதலில் பழைய துளை ஏதாவது சும்மா இருக்கிறதா என்று தேடுங்கள்.

16. மெக்கானிக்கல் ஆயில் மீட்டரோடு வரும் மெல்லிய நைலான் டியூபை நம்ப வேண்டாம். வெப்பத்தில் நாளடைவில் அது விறைத்து நொறுங்கும். செம்பு டியூப் அல்லது ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். செம்பும் அதிர்வில் களைத்து வெடிக்கக்கூடியது. அதனால் இன்ஜின் அருகே ஓரிரு சுற்று வளையம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். தகட்டுத் துளையில் ரப்பர் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே டியூபை அறுத்துவிடும்.

17. எலக்ட்ரிக்கல் மீட்டருக்கு இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸோடு இணைப்பு எடுங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இறுக்குங்கள். ஒரே ஒயர் உள்ள சென்சார், தன் உடம்பின் வழியாகத்தான் இன்ஜினில் எர்த் எடுக்கிறது. அதன் மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் தவறாகக் காட்டும். லீக் ஆகாமல் இருக்க, மரைக்கான திரவ சீலன்ட் கொஞ்சம் போதும்.

18. ஆயில் பிரஷர் மீட்டர் வந்துவிட்டது என்று பழைய சிவப்பு விளக்கின் சுவிட்சைக் கழற்றி எறியாதீர்கள். டீ ஜாயின்ட் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும்போது பிரஷர் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்திருக்கும். மீட்டர் அதற்கு முன்பே எச்சரிக்கும். ஆனால் மீட்டரையே பார்த்துக்கொண்டு யாரும் ஓட்டுவதில்லை. கண்ணை இழுக்க விளக்கு வேண்டும்.

19. மூன்று நான்கு மீட்டர்களை வரிசையாக மாட்டினால், ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பி, சாதாரண ஓட்டத்தில் எல்லா முள்ளும் நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முள் மட்டும் சாய்ந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பந்தயக் கார்களில் நெடுங்காலமாக உள்ள பழக்கம் இது.

சோதிக்கவும் பழுது பார்க்கவும்

20. மெக்கானிக்கல் ஹீட் மீட்டரை மாட்டும் முன் அதன் பல்பைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். சென்னையில் 100 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எலக்ட்ரிக்கல் சென்சார் என்றால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடேறச் சூடேற எண் சீராகக் குறைந்தால் சென்சார் நல்லது.

21. ஒரு மீட்டர் மட்டும் தவறு என்றால் அதன் சென்சாரையோ ஒயரையோ சந்தேகப்படுங்கள். பெட்ரோலும் ஹீட்டும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டினால் தவறு பொதுவான இடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில், பேட்டரியின் ஏற்ற இறக்கம் மீட்டரைத் தாக்காமல் 10 வோல்ட்டாகச் சீராக்கித் தரும் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும். அது பழுதானாலோ அதன் எர்த் விட்டாலோ எல்லா முள்ளும் ஒன்றாக ஏறும். மூன்று மீட்டரை மாற்றுவதற்கு முன் இந்த ஒன்றைப் பாருங்கள்.

22. பழைய கார்களில் ஹீட் முள் அசையாவிட்டால், சென்சாரின் ஒயரைக் கழற்றி, ஒரே ஒரு நொடி இன்ஜின் இரும்பில் தொட்டுப் பாருங்கள். முள் உச்சிக்குப் போகத் தொடங்கினால் மீட்டரும் ஒயரும் நலம். சென்சாரை மாற்றினால் போதும். அசையாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

23. எந்த வகை மீட்டராக இருந்தாலும் இதை மனத்தில் வையுங்கள்: ஏறிக்கொண்டிருந்த ஹீட் முள் திடீரென்று சரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் ஒழுகித் தீர்ந்து, சென்சாரோ பல்போ வெறும் ஆவியில் நிற்கிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி சுமார் 0.9 பார் பிரஷரைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

24. சாதாரண அளவு எது என்று தெரிந்தால்தான் மீட்டர் உதவும். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரியில் திறக்கும். ஓட்டத்தில் 80 முதல் 95 வரை இருந்தால் கவலையில்லை. ஆயில் பிரஷருக்கு, சூடான இன்ஜினில் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு; உறுதியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். மாட்டிய முதல் வாரத்தில் காலை ஸ்டார்ட், நகர நெரிசல், நெடுஞ்சாலை மூன்றிலும் முள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். பின்னாளில் அதிலிருந்து விலகுவதுதான் செய்தி.

25. புதிய காருக்கு மீட்டர் வாங்கும் முன் ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓபிடி போர்ட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். அதில் செருகும் சின்னக் கருவி, கூலன்ட்டின் உண்மையான வெப்பத்தையும் பேட்டரி வோல்ட்டேஜையும் செல்போனில் காட்டிவிடும்; ஒயரை வெட்ட வேண்டாம். பல புதிய கார்களில் டேஷ்போர்டு முள், வெப்பம் ஓரளவு கூடிக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும்; இந்தக் கருவி உள்ளதைச் சொல்லும். ஆனால் ஆயில் பிரஷரைப் பெரும்பாலும் காட்டாது. அங்கே இருப்பது வெறும் சுவிட்ச்தான். அளவு தெரிய வேண்டுமானால் தனி மீட்டர் தேவை.

26. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. டேஷ்போர்டில் எலக்ட்ரிக்கல், டூல்ஸ் பெட்டியில் ஒரு மெக்கானிக்கல் என்று வைத்துக்கொள்வதே குடும்பக் காருக்கு நல்ல ஏற்பாடு. "ஆயில் பிரஷர் இல்லை, இன்ஜினை இறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் சரியாக இருந்தால் செலவு ஒரு சென்சாரோடு முடிந்துவிடும்.